இலவசப் புற்றுநோய்ப் பரிசோதனை: முடிவு வந்தபின் என்ன நடக்கிறது?

கேள்வி: 2 செப்டம்பர் 2025

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு தன்னார்வலர் வீட்டுக்கு வந்தார். முப்பது வயது கடந்த பெண்கள் எல்லோரும் மார்பகத்துக்கும் கர்ப்பப்பை வாய்க்கும் இலவசப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லிப் பெயரை எழுதிக்கொண்டு போயிருக்கிறார். எனக்கு 41 வயது, இரண்டு பிள்ளைகள், எந்தத் தொந்தரவும் இல்லை. "நன்றாக இருக்கிற உடம்பை எதற்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்?" என்கிறார் மாமியார். இலவசம் என்றால் கணக்குக் காட்டுவதற்காகத்தான் கூப்பிடுவார்கள் என்கிறார் கணவர். போகலாமா?

2 செப்டம்பர் 2025, இரவு

போங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். உங்கள் மாமியாரின் கேள்வியைத்தான் அங்கே அதிகமாகக் கேட்டிருக்கிறேன். ஆகவே அவருக்கே முதலில் பதில் சொல்கிறேன். இந்தப் பரிசோதனை நன்றாக இருக்கிற உடம்புக்காகவே ஏற்பட்டது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஏறத்தாழ எப்போதுமே ஹெச்பிவி என்னும் வைரஸின் நீடித்த தொற்றால் வருகிறது. இந்த வைரஸ் தாம்பத்திய வாழ்க்கையில் மிகச் சாதாரணமாகத் தொற்றுவது, பெரும்பாலான பெண்களுக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே நீங்கியும் விடுவது. நீங்காமல் தங்கிவிடுகிற சிலருக்கு மட்டும் கர்ப்பப்பை வாயிலுள்ள செல்கள் மெல்ல மெல்ல மாறுகின்றன. அந்த மாற்றம் புற்றாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். அத்தனை காலமும் வலி இராது, உதிரப்போக்கு இராது. வீட்டு வேலையும் காட்டு வேலையும் வழக்கம்போல நடக்கும். அந்த இடைவெளியில் கண்டுபிடித்துவிட்டால் புற்றுநோய் வராமலே தடுத்துவிடலாம் என்பதால்தான், எந்தத் தொந்தரவும் இல்லாத உங்களை அழைக்கிறார்கள்.

செய்முறை மிக எளியது. மேசையில் படுக்க வைத்து, ஸ்பெகுலம் என்னும் கருவியால் பிறப்புறுப்பின் வழியை விரித்து, வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தை 3 முதல் 5 சதவீத அளவில் பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, நல்ல விளக்கொளியில் பார்ப்பார்கள். மாறத் தொடங்கிய செல்கள் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். இதை விஐஏ என்று சொல்வோம். ஊசி இல்லை, வெட்டுதல் இல்லை. சிலருக்கு இலேசான எரிச்சல் இருக்கும். மாதவிடாய் நாட்களில் போக வேண்டாம். கர்ப்பமாக இருந்தாலோ அண்மையில் பிரசவம் ஆகியிருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

3 செப்டம்பர் 2025

கணவர் சொன்னதற்கு நேற்றுப் பதில் எழுதவில்லை. அது தள்ளிவிடக்கூடிய பேச்சும் அன்று. கணக்குக் காட்டுவது என்பது நடக்கிறது, நான் அதைப் பார்த்திருக்கிறேன். மாத அறிக்கையில் எத்தனை பெண்களுக்குப் பரிசோதனை ஆயிற்று என்பதை ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பார்கள், எத்தனை பேருக்கு பாசிடிவ் வந்தது என்றும் கேட்பார்கள், எத்தனை பேரை மேல் மருத்துவமனைக்கு அனுப்பினோம் என்பதோடு கேள்வி முடிந்துவிடும். அனுப்பப்பட்டவர்களில் எத்தனை பேர் உண்மையில் அங்கே போய்ச் சேர்ந்தார்கள், போனவர்களுக்கு என்ன செய்யப்பட்டது என்பதை எழுதுவதற்கான கட்டம் பல மாதங்களில் வெறுமையாகவே கிடக்கும். அந்த வெறுமையைப் பற்றிக் கூட்டத்தில் யாரும் குரலை உயர்த்தியது இல்லை. இலக்கு எண்ணிக்கையில் குறைவு வந்தால் மட்டும் குரல் உயரும்.

ஆனாலும் கணவர் இதிலிருந்து போக வேண்டாம் என்ற முடிவுக்கு வருவதை நான் ஏற்கவில்லை. கணக்குக்காகவே கூப்பிட்டாலும், உங்கள் கர்ப்பப்பை வாயில் வெள்ளை தெரிகிறதா இல்லையா என்பது உண்மைச் செய்தி. அந்தச் செய்தியைக் கையில் வாங்கிக்கொண்டு அடுத்த படிக்குப் போவதில்தான் உங்கள் பலன் இருக்கிறது.

3 செப்டம்பர் 2025, பின்மாலை

"இப்போது எல்லோரும் இதைச் செய்துகொள்கிறார்களே, புதிதாக என்ன சொல்ல இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எல்லோரும் செய்துகொள்ளவில்லை. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையேனும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் 1.9 சதவீதம், மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 0.9 சதவீதம். தமிழ்நாட்டில் முறையே 9.8, 5.6 சதவீதம். மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் நாம் வெகுதூரம் முன்னே நிற்கிறோம் என்பது மெய்தான். அப்படி முன்னே நின்றும், அந்தக் கணக்கெடுப்பின்போது பத்துப் பெண்களில் ஒன்பது பேர் அந்த மேசைக்கு வந்திருக்கவே இல்லை. நம் மாநிலத்தில் 2007இல் தேனி, தஞ்சாவூர் ஆகிய இரு மாவட்டங்களில் தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் முன்னோட்டமாகத் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதற்கும் விரிந்த பணி இது. அத்தனை ஆண்டுகள் உழைத்தும் நிலைமை இதுதான் என்றால், பெண்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்துவிட முடியாது.

6 செப்டம்பர் 2025

எனக்கு இந்த விஷயத்தில் ஏன் இத்தனை அழுத்தம் என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார்.

வெங்காயக் காட்டில் கூலிக்குப் போகும் ஒரு பெண்மணி, நாற்பதை ஒட்டிய வயது, எங்கள் நிலையத்துக்கு வந்து பரிசோதனை செய்துகொண்டார். வெள்ளை தெளிவாகத் தெரிந்தது. கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்க்கிற கால்போஸ்கோப்பி செய்ய வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தோம். எங்கே போக வேண்டும், எந்த வார்டு, எந்தக் கிழமை என்றெல்லாம் நான் சொன்னேன். அவர் போனார் என்பதும் உண்மை. அன்று அந்தப் பெரிய மருத்துவமனையில் டாக்டர் வேறு பணிக்குப் போயிருந்ததால் அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரம் களை எடுப்பு. அதற்கடுத்த வாரம் அவருடைய மகளுக்கு வளைகாப்பு. சீட்டு ரேஷன் கார்டோடு ஒரு மஞ்சள் பையில் இருந்துவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் உதிரப்போக்கோடு வந்து நின்றபோது அதே சீட்டைத்தான் எடுத்து நீட்டினார். அதற்குள் நோய் கர்ப்பப்பை வாயைத் தாண்டிவிட்டது.

எங்கள் பதிவேட்டில் அவருடைய பெயருக்கு நேரே பரிசோதனை செய்யப்பட்டது, பாசிடிவ், மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டது என்று மூன்று கட்டமும் ஒழுங்காக நிரம்பியிருந்தன. கணக்கின்படி அவர் எங்கள் திட்டத்தின் வெற்றிகளில் ஒருவர். நான் இங்கே எழுதுவது எல்லாவற்றுக்கும் காரணம் அதுவே. எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்பதை வைத்து இந்தத் திட்டத்தை அளக்கக்கூடாது. பாசிடிவ் வந்தவர்களில் எத்தனை பேருக்குச் சிகிச்சை முடிந்தது என்பதை வைத்தே அளக்க வேண்டும்.

7 செப்டம்பர் 2025

"அப்படியானால் கிராமத்துப் பெண்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று ஒருவர் முடித்துவிட்டார். இதற்கு நீளமாகவே பதில் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஒத்துவரும் என்பதற்கு உலகமே எடுத்துக்காட்டுகிற சான்று நம் திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது.

2000ஆம் ஆண்டு தொடங்கி, ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ மருத்துவமனையை மையமாகக் கொண்டு, திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. டாக்டர் சங்கரநாராயணன் முதலானோர் நடத்திய அந்த ஆய்வின் முடிவு 2007இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியாயிற்று. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள் 31,000 பேருக்கு மேல், பயிற்சி பெற்ற செவிலியர்களிடம் ஒரே ஒருமுறை விஐஏ பரிசோதனை செய்துகொண்டார்கள். பரிசோதனை வசதி அளிக்கப்படாத கிராமங்களோடு ஒப்பிட்டபோது, புதிதாகப் புற்றுநோய் வருவது 25 சதவீதமும், அதனால் இறப்பது 35 சதவீதமும் குறைந்திருந்தன. முப்பதுகளில் இருந்த பெண்களுக்கே பலன் மிக அதிகமாகக் கிடைத்தது. பஞ்சும் வினிகரும் விளக்கும் கொண்டு, டாக்டர் அல்லாத ஒரு செவிலியர் செய்த பரிசோதனையால் உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்குத் தொழில்மேல் ஒரு பெருமிதம் எழும்.

அந்த ஆய்வைப் பற்றிப் பேசுபவர்கள் வினிகரைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். நான் அதில் வேறொன்றைப் பார்க்கிறேன். அங்கே பாசிடிவ் வந்த பெண்ணைச் சீட்டோடு வீட்டுக்கு அனுப்பவில்லை. செவிலியரே கால்போஸ்கோப்பி பார்த்து, சிறு சதையை பயாப்சி என்னும் ஆய்வகச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு, தகுந்தவர்களுக்கு கிரையோதெரபி என்னும் உறைநிலைச் சிகிச்சையை உடனேயே கொடுத்துவிட முடிந்தது. மஞ்சள் பையில் சீட்டு கிடப்பதற்கு அங்கே இடமே வைக்கவில்லை.

7 செப்டம்பர் 2025, இரவு

மேலே எழுதியதை மறுபடி படித்தபோது ஒன்றைச் சேர்க்காமல் விடுவது நியாயமாகப்படவில்லை. "பரிசோதனை வசதி அளிக்கப்படாத கிராமங்கள்" என்று ஒரு சொற்றொடரில் கடந்துவிட்டேன். அந்தக் கிராமங்களிலும் ஏறத்தாழ 31,000 பெண்கள் இருந்தார்கள். ஆய்வுக் காலத்தில் அவர்களில் 158 பேருக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வந்தது, 92 பேர் இறந்தார்கள். பயன் தரக்கூடிய ஒரு பரிசோதனையை ஒரு பகுதிப் பெண்களுக்குக் கொடுக்காமல் வைத்து ஒப்பிட்டது சரியா என்று மருத்துவ அறவியலாளர்கள் பின்னாளில் கடுமையாகக் கேட்டார்கள். அக்காலத்தில் அந்தப் பகுதியில் எவருக்குமே இந்த வசதி இருக்கவில்லை, வழக்கமான சிகிச்சையை யாரும் பறிக்கவில்லை என்பது ஆய்வாளர்கள் தரப்பு. எனக்கு இரண்டு பக்கத்து நியாயமும் தெரிகிறது. ஆனால் அந்த 92 பேரின் மரணத்திலிருந்து கிடைத்த அறிவை வைத்துக்கொண்டு, அதன் பிறகும் சீட்டு எழுதி அனுப்புவதோடு நிறுத்திக்கொள்கிற நம் பழக்கத்துக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

11 செப்டம்பர் 2025

பாசிடிவ் என்றால் புற்றுநோய் என்றே பலர் நினைக்கிறார்கள், இந்த இழையிலும் இரண்டு பேர் அப்படி எழுதியிருக்கிறார்கள். திண்டுக்கல் ஆய்வில் பரிசோதனை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு பாசிடிவ் வந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் கிடையாது. வெறும் புண், அழற்சி, கிருமித் தொற்று ஆகியவற்றாலும் வெள்ளை தெரியலாம். விஐஏவின் குறை இது; பார்ப்பவரின் கண்ணையும் பயிற்சியையும் பொறுத்து முடிவு மாறும். உலக சுகாதார நிறுவனம் 2021 முதல், வைரஸையே தேடிப் பார்க்கிற ஹெச்பிவி டிஎன்ஏ பரிசோதனையையே முதல் தேர்வாகப் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பரிசோதனைக்கான மாதிரியைப் பெண் தானே மறைவாக எடுத்துக் கொடுத்துவிடலாம் என்பதால், மேசையில் ஏறிப் படுப்பதற்குக் கூசுகிற பெண்களுக்கும் அது பெரிய உதவி. நம் நிலையங்களிலும் அது வழக்கமாகிவிட வேண்டும் என்பது என் ஆசை. அதுவரை விஐஏ கிடைக்கிற பெண், அதைவிட நல்லது வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சிகிச்சையைப் பற்றிய பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். கிரையோதெரபி என்றால் உறையவைக்கும் வாயுவால் குளிர்ந்த ஒரு முனையைக் கர்ப்பப்பை வாயில் வைப்பது: மூன்று நிமிடம் உறையவைத்து, ஐந்து நிமிடம் விட்டு, மீண்டும் மூன்று நிமிடம். வெப்பமுறை என்றால் ஏறத்தாழ 100 டிகிரியில் உள்ள முனையை ஒவ்வொரு தடவையும் அரை நிமிடம் போல வைப்பது. அந்தக் கருவி கையில் எடுத்துச் செல்லும் அளவுக்குச் சிறியது. இரண்டுக்கும் மயக்க மருந்து தேவையில்லை, மருத்துவமனையில் தங்க வேண்டியதும் இல்லை. மாதவிடாய் வலியைப் போல அடிவயிற்றில் பிடிக்கும். பிறகு சில வாரங்களுக்கு நீர் போல வெள்ளைப்படும். அதைக் கண்டு பயந்து கைவைத்தியம் செய்யக்கூடாது. ஒரு மாதம் கணவரோடு சேராமல் இருக்க வேண்டும். இதைப் பெண்ணிடம் மட்டும் சொன்னால் போதாது, கணவரையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன், சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. ஓராண்டு கழித்துத் திரும்ப வந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

12 செப்டம்பர் 2025

"கர்ப்பப்பையை எடுத்தாயிற்று, நான் போக வேண்டுமா?" என்ற கேள்விக்கு: சாதாரணக் கட்டி போன்ற காரணத்துக்காகக் கர்ப்பப்பையை வாயோடு சேர்த்து முழுவதும் எடுத்திருந்தால் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை தேவையில்லை. சில அறுவை சிகிச்சைகளில் வாயை விட்டுவிடுவார்கள், ஆகவே பழைய டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். மார்பகப் பரிசோதனை எப்படியும் வேண்டும்.

14 செப்டம்பர் 2025

கணவரை இழந்த ஒரு அம்மா தனிச்செய்தியில் கேட்டதை, அவர் அனுமதியோடு பொதுவில் வைக்கிறேன். "நான் தனியாக இருந்து பல வருடம் ஆகிறது. நான் போனால் ஊர் என்ன நினைக்கும்?" என்பது அவர் கேள்வி. இந்த ஒரு நினைப்பால் வராமல் நின்றுவிட்ட பெண்கள் எங்கள் பகுதியில் மிகப் பலர். முதல் நாள் சொன்னதை நினைவூட்டுகிறேன்: தொற்றுக்கும் புற்றுக்கும் இடையே பல ஆண்டுகள் ஓடுகின்றன. தாம்பத்திய வாழ்க்கை முடிந்து நெடுங்காலம் ஆன பிறகும், என்றோ வந்து தங்கிய தொற்று உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டிருக்க முடியும். ஆகவே இந்தப் பரிசோதனை இப்போதைய வாழ்க்கையைப் பற்றி எதையும் வெளிப்படுத்துவது அன்று. ஊராரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டிய கட்டாயமும் இல்லை. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்கப் போகும் அதே நாளில் செவிலியரிடம் தனியாகக் கேளுங்கள்.

மாதவிடாய் நின்று ஓராண்டுக்கு மேல் ஆனபின் மறுபடி உதிரம் பட்டாலோ, உறவுக்குப் பின் உதிரம் வந்தாலோ, துர்நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலோ, அதைச் சூடு என்று சொல்லி வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். முகாம் எப்போது வரும் என்றும் காத்திருக்க வேண்டாம். நேரே மகப்பேறு, பெண்கள் நலப் பிரிவுக்குப் போக வேண்டும்.

15 செப்டம்பர் 2025

நேற்றைய பதிலுக்கு ஒரு வரம்பு சேர்க்கிறேன். மத்திய அரசு 2016இல் வகுத்த வழிமுறையின்படி, 30 முதல் 65 வயது வரை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனை. ஆனால் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, செல்மாற்றம் தொடங்குகிற அந்த எல்லைப் பகுதி கர்ப்பப்பை வாயின் உள்ளே இழுத்துக்கொள்வதால், விஐஏவில் முழுவதும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். "எல்லைப் பகுதி முழுவதும் தெரிந்ததா?" என்று கேட்டுவிடுங்கள். தெரியவில்லை என்றால், கர்ப்பப்பை வாய்ச் செல்களை எடுத்து ஆய்வகத்தில் பார்க்கும் பாப் ஸ்மியரோ ஹெச்பிவி பரிசோதனையோ செய்யக்கூடிய இடத்துக்குப் போவது நல்லது. அந்த அம்மாவின் வயதுக்கு இது முக்கியம்.

19 செப்டம்பர் 2025

மார்பகத்தைப் பற்றி இன்னும் எழுதவில்லையே என்று கேட்டவருக்கு நன்றி. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி, ஒரே முகாமில் செய்வதால், இரண்டும் ஒரே வகைப் பரிசோதனை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கர்ப்பப்பை வாயில் நாம் தேடுவது புற்றாக மாறுவதற்கு முந்தைய நிலையை. மார்பகத்தில் கையால் தடவிப் பார்க்கும்போது தேடுவது ஏற்கெனவே உருவாகிவிட்ட கட்டியை. அது சிறியதாக இருக்கும்போதே பிடித்துவிட வேண்டும் என்பதே நோக்கம். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை குடிசைப் பகுதிப் பெண்களிடையே நடத்திய நீண்ட ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மார்பகத்தைக் கையால் பரிசோதித்தார்கள். 20 ஆண்டு விவரங்கள் 2021இல் வெளியானபோது, நோய் முற்றாத கட்டத்திலேயே பிடிபடுவது கூடியிருந்தது தெரிந்தது. 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. ஐம்பதுக்குக் கீழே உள்ளவர்களிடம் அத்தகைய குறைவு தெளிவாகக் காணப்படவில்லை. இதைச் சொல்வதால் இளவயதினர் அலட்சியமாக இருக்கலாம் என்று பொருள் கொள்ளக்கூடாது. கட்டி தெரிந்தால் எந்த வயதிலும் போக வேண்டும்.

கட்டியைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு நம்பிக்கைகள் வேரூன்றியிருக்கின்றன, இரண்டும் உயிரைக் குடிப்பவை. வலிக்கவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்பது முதலாவது. மார்பகப் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. அதனால்தான் அதை ஆண்டுக்கணக்கில் தாங்கிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். ஊசியோ கத்தியோ பட்டால் பரவிவிடும் என்பது இரண்டாவது. இந்தப் பயத்தால் பயாப்சிக்கு மறுத்து, எண்ணெயும் பற்றும் போட்டுக்கொண்டு, கட்டி உடைந்து புண்ணான பிறகு வந்த பெண்களுக்கு நான் கட்டுப்போட்டிருக்கிறேன். ஊசியால் எடுத்துப் பார்ப்பதால் நோய் பரவுவதில்லை. அப்படிப் பார்க்காமல் எந்தக் கட்டி சாதுவானது, எது புற்று என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதேபோல, எந்த மருத்துவமனையில் கட்டியை அறுத்து எடுத்தாலும், எடுத்ததை ஆய்வகத்துக்கு அனுப்பினார்களா என்று கேட்டு அந்த அறிக்கையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாதவிடாய் தொடங்கி ஏழு முதல் பத்து நாள் ஆனபோது மார்பகம் இளகியிருக்கும். அப்போது விரல்களின் உட்பக்கத்தால், அக்குள் உட்பட, தடவிப் பாருங்கள். காம்பு உள்ளே இழுத்தல், தோலில் குழிவு, இரத்தம் கலந்த கசிவு ஆகியவையும் கவனிக்க வேண்டியவை.

23 செப்டம்பர் 2025

ஒருவர் நோயின் அளவைக் கேட்டிருக்கிறார். உலக நாடுகளின் புற்றுநோய் அளவைக் கணக்கிடும் குளோபோகானின் 2022ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஓராண்டில் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் ஏறத்தாழ 1,92,000 பேர், இறந்தவர்கள் ஏறத்தாழ 98,000 பேர். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் முறையே 1,27,000, 80,000. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1982 முதல் சென்னை நகரத்துக்காகப் பராமரித்துவரும் பதிவேட்டின்படி, தொடக்கத்தில் பெண்களிடையே முதலிடத்தில் இருந்த கர்ப்பப்பை வாய்ப் புற்று படிப்படியாகக் குறைந்து, மார்பகப் புற்று முதலிடத்துக்கு ஏறிவிட்டது.

28 செப்டம்பர் 2025

"பேருந்தே இலவசம், பரிசோதனையும் இலவசம், பிறகும் ஏன் போகமாட்டேன் என்கிறார்கள்?" என்ற வரியைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. மகளிருக்கு இலவசம் சாதாரண நகரப் பேருந்துகளில்தான். எங்கள் ஊரிலிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகப் புறநகர்ப் பேருந்தில் சீட்டு எடுக்க வேண்டும். துணைக்கு வருபவருக்கும் எடுக்க வேண்டும். இரண்டு பேரின் அன்றைய கூலி போய்விடும். டாக்டர் இல்லை என்று திருப்பி அனுப்பினால் அது இரட்டிப்பாகும். புற்றுநோய் உறுதியானால் அரசு மருத்துவமனையில் சிகிச்சை கிடைக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் துணை நிற்கிறது. பரிசோதனைக்கும் நோய் உறுதியாவதற்கும் நடுவே உள்ள அந்த ஓரிரு மாதத்துக்குத்தான் யாரும் செலவுக் கணக்கே போடுவதில்லை. பெண்கள் நழுவிப் போவது அங்கேதான்.

என் கோரிக்கை மூன்று: வட்டார அளவிலேயே கால்போஸ்கோப்பியும் வெப்பமுறைச் சிகிச்சையும் குறித்த கிழமையில் தவறாமல் நடக்க வேண்டும், பாசிடிவ் வந்த பெண்ணைக் கிராம சுகாதாரச் செவிலியர் தாமே தொலைபேசியில் அழைத்துத் தொடர வேண்டும், மாதக் கூட்டத்தில் முதலில் கேட்கும் எண் சிகிச்சை முடிந்தவர்களின் எண்ணாக இருக்க வேண்டும். பிரசவத்துக்கு நாம் இதைச் செய்கிறோம். எங்கள் பகுதியில் கர்ப்பிணி ஒருவர் ஒரு மாதப் பரிசோதனைக்கு வராவிட்டால் வீட்டு வாசலில் போய் நிற்போம். அதே அக்கறைக்கு நாற்பது வயதுப் பெண்ணும் உரியவர்.

4 அக்டோபர் 2025

முதலில் கேள்வி கேட்ட சகோதரி போய்வந்துவிட்டார் என்று அறிந்து மிக மகிழ்ந்தேன். விஐஏ நெகடிவ் என்றால் ஐந்து ஆண்டு கழித்து மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள், இடையில் தொந்தரவு வந்தால் மட்டும் முன்பே போங்கள். வலது மார்பில் ஏதோ தட்டுப்படுகிறது என்று எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். உங்கள் வயதில் மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும் எடுத்து, தேவைப்பட்டால் ஊசிப் பரிசோதனையும் செய்வார்கள். இத்தகைய கட்டிகளில் பல சாதுவானவையாகவே முடியும், ஆனால் அதை அறிக்கை சொல்ல வேண்டும். திங்கட்கிழமையே போங்கள். போவதற்கு முன் நிலையத்துச் செவிலியரைக் கொண்டு அங்கே பேசச் சொல்லி, அன்று டாக்டர் இருப்பாரா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

5 அக்டோபர் 2025

அவரே மகளைப் பற்றியும் கேட்டிருந்தார். ஹெச்பிவி தடுப்பூசி, தொற்று வருவதற்கு முன்னால் போடும்போதே முழுப் பலன் தரும். 9 முதல் 14 வயது அதற்கு ஏற்றது. இந்தியாவிலேயே தயாராகும் செர்வாவாக் 2022இல் ஒப்புதல் பெற்றது. 14 வயதுச் சிறுமியருக்கு இலவசமாகப் போடுவதற்கு 2025–26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு 36 கோடி ரூபாய் அறிவித்தது, ஆகவே மகளின் பள்ளியிலும் சுகாதார நிலையத்திலும் கேட்டுவையுங்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குக் காரணமான ஹெச்பிவியின் 16, 18 ஆகிய இரு வகைகளையும் இது தடுக்கிறது. எஞ்சிய வகைகள் இருப்பதால், தடுப்பூசி போட்ட பெண்ணும் முப்பது வயதில் பரிசோதனைக்கு வர வேண்டும். தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்து, மகளிடம் இதையும் சொல்லிக் கொடுங்கள்.